முந்நூறு மில்லிமீட்டர்

சான் எலாதியோ, கொலம்பியா
அக்டோபர் 9

அன்புள்ள எவேலியோவுக்கு,

மார்லேனி எழுதுவது. நானும் யூலியானாவும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சூரிச் குளிருக்குப் பழகி, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே சுகமில்லாமல் இருப்பது வானம் ஒன்றுதான். செப்டம்பர் கடைசியில் பிடித்த மழை இன்னும் விடவில்லை.

போனில் பேசாமல் எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று நினைப்பீர்கள். போனில் நான் இந்தப் பேச்சைத் தொடங்கினாலே நீங்கள் யூலியானாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுகிறீர்கள். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பெண்ணுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சாப்பாடுதான் எதுவும் இறங்கவில்லை. உப்புப் போட்ட மாங்காயை மட்டும் தெருவண்டியில் வாங்கி வாங்கித் தின்கிறாள். உங்கள் படிக்கிற அறையில் கூரை ஒழுகுகிறது. புத்தகங்களைச் சாப்பாட்டு அறைக்கு மாற்றிவிட்டேன். மேசைமேல் இருந்த கல் மாதிரிகளை நான் தொடவில்லை. நனைந்தால் நனையட்டும், அவை மலையில் நனையாதவையா.

போன வாரம் டீன் சல்தாரியாகா நூலகத்துக்கு வந்தார். வருடா வருடம் நான் தயாரிக்கும் அறிக்கை தெரியுமல்லவா, பல்கலைக்கழகத்தில் யார் எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள், அவற்றை உலகத்தில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்கிற கணக்கு. அதைக் கேட்டுத்தான் வந்தார். இந்தத் தடவை கையில் கேக்கோடு வந்தார். நிலச்சரிவு பற்றிய உங்கள் கட்டுரையின் மேற்கோள்கள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. நம் புலத்தின் மொத்தக் கணக்கில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு கட்டுரைதான். "மார்லேனி, உங்க வீட்டுக்காரர் ஒருத்தரே போதும், மத்தவங்கல்லாம் எழுதாமலே இருக்கலாம்" என்றார். புவியியலார் மட்டும் இல்லாமல் மருத்துவர், பொறியாளர், பொருளாதாரக்காரர் எல்லோரும் காட்டும் கட்டுரை இந்த நாட்டிலேயே அரிது என்றார். சூரிச்சில் உங்களுக்குக் கொடுக்கப்போகும் பதக்கத்தைப் பற்றியும் நிறையப் பேசினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் லுஸ் தாரி வந்தாள். உங்களிடம் முனைவர் பட்டம் செய்த நாட்களில் நம் வீட்டு அரேப்பா ரொட்டியைத் தின்று வளர்ந்தவள். இப்போது துறையில் ஒப்பந்த ஆசிரியை. உங்கள் மழைக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது என்று உங்களுக்கு ஆகஸ்டிலேயே எழுதினாளாம். மழைப் பதிவுத்தாள்கள் என்னிடம் இருக்கின்றன, பார்க்கிறேன் என்று ஒரு வரி எழுதினீர்களாம். செப்டம்பரில் எழுதியதற்குப் பதிலே இல்லையாம். போன வாரம் போன் செய்தபோது பாதியில் வைத்துவிட்டீர்களாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் புவியியல் படித்தவள் அல்ல. எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன், தவறானால் திருத்துங்கள். மழைமானியைக் காலையில் பார்த்து எழுதுவார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் எழுதும் எண், திங்கட்கிழமை பெய்த மழை. அதனால் நீங்கள் எல்லா நிலையங்களின் எண்களையும் ஒரு நாள் பின்னுக்குத் தள்ளிக் கணக்கிட்டீர்கள். ஆனால் காப்பித் தோட்டங்களில் இருந்த நிலையங்களில், எழுதும்போதே முந்தைய நாள் தேதியைத்தான் போட்டிருக்கிறார்கள். அவற்றையும் நீங்கள் தள்ளியதில், திங்கட்கிழமை மழை ஞாயிற்றுக்கிழமை மழையாகிவிட்டது. ஞாயிறு மாலை மண் சரிந்திருந்தால், சரிந்த பிறகு பெய்த மழையும் சரிவதற்கு முன் பெய்ததாகக் கணக்கில் ஏறிவிட்டது. பதினைந்து நாளில் முந்நூறு மில்லிமீட்டர் வரை நம் மலைகள் தாங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கணக்கில் அது இருநூற்று முப்பதுதான்.

"சார் மேல தப்புன்னு சொல்ல வரல மேடம். அந்தத் தாள்ல தேதியை எப்படிப் போட்டோம்னு யாரும் எழுதி வைக்கல. யாரா இருந்தாலும் இப்படித்தான் பண்ணியிருப்பாங்க. ஆனா இப்ப தெரிஞ்சுபோச்சே" என்றாள்.

நம் ஊர்ச் சைரன்கள் உங்கள் முந்நூறைப் பார்த்துத்தான் அடிக்கின்றன. எல் துராஸ்னோ மேட்டில் இருக்கும் குடும்பங்கள் உங்கள் எண்ணை நம்பித்தான் மழையில் தூங்குகின்றன. வேறு எதையும் செய்ய வேண்டாம், அவள் அனுப்பிய கோப்பை மட்டும் திறந்து பாருங்கள். அவள் சொல்வது தவறு என்றால் அதையாவது அவளிடம் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்
மார்லேனி


அக்டோபர் 21

அன்புள்ள எவேலியோவுக்கு,

உங்கள் பதில் வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை உங்களை நினைத்துக் கவலை வந்தது.

இரண்டாயிரம் பேர் பார்த்த கணக்கில் இல்லாத தவறை, மொத்தமே நாலு கட்டுரை எழுதியவள் கண்டுபிடித்துவிட்டாளா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் துறை தெரியாது, நான் இதில் தலையிட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மலையைப் பற்றி எனக்குத் தெரியாது என்பது உண்மை. மேற்கோள்களைப் பற்றித் தெரியும். இந்த நூலகத்தில் என் தலை நரைத்தது அவற்றை எண்ணித்தான்.

அதனால் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து, உங்களைக் காட்டியவர்கள் எதற்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் பார்க்க முடியவில்லை, பார்த்தவரை சொல்கிறேன். புவியியல்காரர்கள் முதல் பத்தியிலேயே உங்களை வேறு ஐந்தாறு பேரோடு வரிசையில் நிறுத்தி, வணக்கம் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மருத்துவர்கள் வெள்ளத்துக்குப் பின் வரும் காய்ச்சலைப் பற்றி எழுதும்போது, மலைநாட்டில் மழை ஆபத்து என்று சொல்ல உங்களைக் காட்டுகிறார்கள். அந்த வாக்கியத்துக்கு யாரையும் காட்டாமலே எழுதலாம். அவர்கள் துறையில் ஆள் அதிகம், கட்டுரை அதிகம், அதனால் எண்ணிக்கை குவிந்துவிடுகிறது. கணிதத் துறை ஓஸ்பினாவுக்கு வாழ்நாள் முழுவதும் கிடைத்த எண்ணிக்கை, அந்தக் காய்ச்சல் கட்டுரைகளிலிருந்து உங்களுக்கு ஒரே வருடத்தில் கிடைத்திருக்கிறது. அதற்காக அவர் உங்களைவிடச் சிறியவரா? காப்பீட்டுப் பொருளாதாரக்காரர்கள் முந்நூறை அப்படியே எடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் அந்த எண்ணைச் சரிபார்த்தவர் ஒருவர்கூட இல்லை. இவர் சொன்னார் என்று அவர், அவர் சொன்னார் என்று இன்னொருவர்.

கடைசியில் ஒரு வகை இருக்கிறது. நகராட்சிகளின் தொழில்நுட்ப அறிக்கைகள். ஒண்டூராஸ், பெரு, எக்வதோர் என்று பல நாடுகளில் மலையோர ஊர்கள். அவை ஆய்விதழில் வந்தவை அல்ல என்பதால் டீனின் அறிக்கையில் ஏறுவதில்லை. நானே பல வருடங்களாக அவற்றைக் கழித்துவிட்டுத்தான் கூட்டியிருக்கிறேன். ஆனால் உங்கள் எண்ணை எடுத்துச் சைரனில் பதித்திருப்பவர்கள் அவர்கள்தான்.

லுஸ் தாரி நம் நகராட்சிப் பேரிடர் அலுவலகத்துக்கும் போனாள். நானும் கூடப் போனேன். பொறியாளர் கிசேனோ நல்ல மனிதர், காப்பி கொடுத்து உட்காரவைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "டாக்டரம்மா, இது நீங்க வீட்ல பிரிண்ட் எடுத்த காகிதம். அவரோடது உலகமே காட்டற காகிதம். நாளைக்கு மேயர் கேட்டா நான் யாரைக் காட்டறது? அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னைக்கே மாத்திடறேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செய்தி டீன் காதுக்குப் போய்விட்டது. லுஸ் தாரியைக் கூப்பிட்டு, டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது என்பதை நினைவூட்டினாராம். "பொறாமையில பேசறான்னு நாலு பேர் சொல்லுவாங்க. உனக்கு எதுக்கும்மா இந்தப் பேரு" என்று அன்பாகத்தான் சொன்னாராம். அவருடைய அன்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் அறிக்கையில் கையெழுத்துக் கேட்டு எனக்கும் ஆள் அனுப்பினார். இன்னும் போடவில்லை. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எவேலியோ, உங்கள் கோபம் எனக்குப் புதிதல்ல. யூலியானா பிறந்த அன்று டாக்டர் வெளியே வரத் தாமதமானபோது, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளியோடு சண்டைக்குப் போனீர்கள். பயம் வந்தால் உங்களுக்குக் கோபமாகத்தான் வரும். நீங்கள் ஏமாற்றுக்காரர் அல்ல. சேற்றில் முழங்கால் வரை இறங்கி நீங்கள் அளந்த சரிவுகளில் பாதிக்கு நான் சோற்றுப்பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பிழை நேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். கோப்பைத் திறந்தீர்களா இல்லையா என்று உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. நான் அதைத்தான் தேடினேன்.

மழை விடவில்லை. யூலியானாவுக்குக் கால் லேசாக வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். உங்களைக் கேட்டாள்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

மார்லேனி


நவம்பர் 6

எவேலியோவுக்கு,

இந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, வாட்ஸாப்பிலும் போடப்போகிறேன். இரண்டில் ஒன்றையாவது இன்றே படியுங்கள்.

போன வாரம் லுஸ் தாரியின் கணக்கில் மழை இருநூற்று முப்பதைத் தாண்டியது. அலுவலகம் அசையவில்லை. அவள் நேராக எல் துராஸ்னோவுக்குப் போய், ரொட்டிக் கடை ரொசால்பாவைப் பார்த்தாள். அந்த மேட்டின் சைரன் சாவி ரொசால்பாவிடம்தான் இருந்தது. அந்த அம்மாள் அவளைத் தன் சமையலறைக்குக் கூட்டிப்போய், அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவரில் விழுந்த விரிசலைக் காட்டியிருக்கிறாள். விரல் உள்ளே போயிருக்கிறது. வேறு எதுவும் கேட்காமல் ரொசால்பா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சைரன் அடித்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே ஈரத் தரையில், குழந்தை குட்டிகளோடு, நாயோடு, டெலிவிஷன் பெட்டியோடு கிடந்தார்கள். மலை விழவில்லை. மழை கொஞ்சம் ஓய்ந்தது. அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, எல்லையைத் தொடாமலே அடித்த சைரன், பொய் எச்சரிக்கை என்று அறிவித்துவிட்டு ரொசால்பாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லோரும் திட்டிக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

இப்போது லுஸ் தாரி அந்தப் பக்கம் போனால் பஸ் டிரைவர், "டீச்சரம்மா, இன்னைக்கு எத்தனை மணிக்கு மலை? அதுக்கேத்த மாதிரி வண்டி எடுக்கணும்" என்கிறான். பஸ்ஸே சிரிக்கிறது. டீன் அவளுடைய வகுப்புகளை நிறுத்திவிட்டார். பொதுமக்களைப் பீதிக்கு உள்ளாக்கினாள் என்று கடிதம் கொடுத்திருக்கிறார். அவள் தாயோடு தனியாக இருப்பவள், அந்தச் சம்பளத்தைத் தவிர வேறு வழி கிடையாது. என்னிடம் வந்து உட்கார்ந்து, "நான் தப்பாக் கணக்குப் போட்டிருந்தா நல்லாயிருக்கும் மேடம்" என்றாள். அந்த நேரத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நேற்று முன்தினம் வரை அப்படித்தான் இருந்தது.

எக்வதோரில் சாந்தா ஃபிலோமேனா என்று ஓர் ஊர். செய்தியைப் பார்த்திருப்பீர்கள், அல்லது பார்க்காமல் சேனலை மாற்றியிருப்பீர்கள். சந்தை நாள், காலை நேரம், சந்தைத் தெருவின் மேல் மலை இறங்கிவிட்டது. நூலக வரவேற்பில் இருந்த டெலிவிஷனில் அந்தப் பெயரைக் கேட்டதும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த ஊரை நான் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. உங்களை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலில் பார்த்திருந்தேன். சென்ற மாதம் மதிய இடைவேளையில் நான் திறந்து படித்த அறிக்கைகளில் அதுவும் ஒன்று.

முழங்கால் வரை சேற்றோடு அந்த ஊர் மேயர் டெலிவிஷனில் பேசினார். "மழை இன்னும் எல்லையைத் தொடல. தொட்டிருந்தா சைரன் அடிச்சிருப்போம். விஞ்ஞானிங்க சொன்னபடிதான் நடந்துக்கிட்டோம், அதுக்கு மேல எங்களுக்கு என்ன தெரியும்" என்றார். லுஸ் தாரி அந்த ஊர் மழைக் கணக்கைத் தேடி எடுத்தாள். இருநூற்று ஐம்பதைத் தாண்டியிருந்தது. முந்நூறு ஆகவில்லை.

எத்தனை பேர் என்று இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எவேலியோ, உங்களைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை. இங்கே நேற்றிலிருந்து மறுபடி கொட்டுகிறது. எல் துராஸ்னோவில் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். லுஸ் தாரி போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். ரொசால்பாவால் தன் சொந்தத் தங்கையைக்கூட அசைக்க முடியவில்லை. சாவி அலுவலகத்தில் இருக்கிறது. கிசேனோ உங்கள் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறார். இந்த ஊரில் எங்கள் இருவர் பேச்சும் எடுபடாது, உங்கள் பெயருக்கு மட்டும்தான் மதிப்பு. நீங்கள் சேர்த்த மதிப்பு அது. அதை இன்றைக்குச் செலவழித்துவிடுங்கள். மிச்சம் வைக்காதீர்கள்.

கிசேனோவின் போன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். நாளைக்குள் நீங்கள் பேசவில்லை என்றால், பட்டியலில் இருக்கும் ஒவ்வோர் ஊருக்கும் நானே எழுதுவேன். எவேலியோ ஹிரால்தோவின் மனைவி என்று போட மாட்டேன், நூலகர் என்று போட்டு எழுதுவேன். வேலை போனால் போகட்டும். டீனின் அறிக்கையையும் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் உங்களிடம் எதையும் கெஞ்சியதில்லை.

மார்லேனி


நவம்பர் 24

அன்புள்ள எவேலியோவுக்கு,

இத்தனை நாள் உங்களோடு போனில் அழுததும் நீங்கள் அழுததும் போதும். நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் பேசியதைக் கிசேனோ எனக்குச் சொன்னார். யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் நினைத்தாராம். நீங்கள் பதற்றமே இல்லாமல், "நான் எவேலியோ ஹிரால்தோ பேசறேன். என் கணக்கு தப்பு. லுஸ் தாரி சொல்றதுதான் சரி. சைரனை அடிங்க" என்றீர்களாம். எழுத்தில் வேண்டும் என்று கேட்டாராம். அவர் போனை வைப்பதற்குள் எழுத்தும் வந்துவிட்டதாம்.

இரண்டாம் தடவை யாரும் நகர விரும்பவில்லை. கிசேனோ தானே மேட்டில் ஏறினார். ரொசால்பா ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஆங்காங்கே கெட்ட வார்த்தையும் பேசி, எல்லோரையும் கிளப்பினாள். பஸ் டிரைவரும் வண்டியோடு வந்து நின்று மூட்டைகளை ஏற்றினான். ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு மணி அடித்த சற்று நேரத்தில், மலை இறங்கியது. நான் கோயில் படியில் நின்றிருந்தேன். பெரிய லாரி ஒன்று நிற்காமல் சரளைக் கல் கொட்டுவது போலத்தான் கேட்டது. மேல் வரிசை வீடுகள் அப்படியே நகர்ந்து, கீழ் வரிசை மேல் சாய்ந்து, இரண்டும் சேர்ந்து ஓடைக்குள் போய்விட்டன. தூசி எழவில்லை, எல்லாம் ஈரம். ஆர்செசியோ தாத்தா மட்டும் கோழிகளைப் பார்க்கத் திருட்டுத்தனமாக மேலே போயிருக்கிறார். இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பிழைத்துக்கொள்வார். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரொசால்பாவின் கடை போய்விட்டது. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் எல்லோருக்கும் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். "சார்கிட்ட சொல்லுங்க, ஊருக்கு வந்தா இங்க வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். ஒளிஞ்சுகிட்டுத் திரிய வேண்டாம்" என்றாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நீங்கள் ஆய்விதழுக்கு எழுதியது இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அறிக்கையை நான் மறுபடி தயாரித்தேன், உங்கள் கட்டுரை இல்லாமல். நம் புலம் பட்டியலில் எங்கோ கீழே போய்விட்டது. டீன் நடைபாதையில் என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். ஓஸ்பினா மட்டும் நூலகத்துக்கு வந்து, என் மேசை எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார். இரண்டு நாளாக வருகிறார். லுஸ் தாரிக்கு வகுப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டிசம்பருக்குப் பிறகு என்ன என்று யாரும் வாய் திறக்கவில்லை. சரியான கணக்கை நீங்களும் அவளுமாகச் சேர்ந்து வெளியிடலாம் என்று சொன்னீர்களாமே. முதலில் தன் பெயர் வரட்டும் என்றாளாம், நீங்களும் சரி என்றீர்களாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் சிரித்துப் பார்த்தேன்.

பதக்கம் கொடுக்கும் விழா ரத்தானதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. யூலியானாதான் சொன்னாள். அதற்குப் பிறகும் வசந்தம் வரை சூரிச்சிலேயே இருக்கப்போவதாக அவளிடம் சொன்னீர்களாம். அங்கே உங்களுக்கு இனி என்ன வேலை என்று அவளும் கேட்கவில்லை, நானும் போனில் கேட்கவில்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எண்ணை எடுத்த ஒவ்வோர் ஊருக்கும் லுஸ் தாரியும் நானும் உங்கள் கையெழுத்திட்ட கடிதத்தை அனுப்பினோம் அல்லவா, பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒண்டூராஸில் ஓர் ஊரில் அன்றைக்கே எல்லையைக் குறைத்துவிட்டார்களாம். பெருவிலிருந்து ஒருவர் சந்தேகம் கேட்டு நீளமாக எழுதியிருக்கிறார். ஒரு மருத்துவர், இந்தக் கடிதம் தனக்கு ஏன் வந்தது என்றே புரியவில்லை என்று எழுதினார். உங்கள் கட்டுரையைக் காட்டியது அவருக்கே மறந்துபோயிருக்கிறது.

நேற்று சாந்தா ஃபிலோமேனாவிலிருந்து வந்தது. நகராட்சிப் பொறியாளர், மிரேயா சிலிகிங்கா என்று ஒரு பெண். அந்த ஊர்ச் சைரனில் முந்நூறைப் பதித்தவர் அவர்தான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. திட்டவில்லை. ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறார். "ஐயா, இது உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

லுஸ் தாரி அதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள். ஆகஸ்ட் என்ற வார்த்தையை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

டீனுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. யாரும் பதில் எழுதக் கூடாது, பல்கலைக்கழக வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்பினார். வக்கீல் நன்றாகத்தான் எழுதுவார். பிழை எந்த நாளில் உறுதியானது என்பது பற்றி அவர் ஒரு பக்கம் எழுதுவார், அந்தப் பெண் கேட்டதற்கு மட்டும் அதில் பதில் இருக்காது. எனக்குப் பதில் தெரியும். நான் எழுதிவிடலாம், கை துறுதுறுக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் உங்கள் பெயருக்கு வந்திருக்கிறது. இதோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

நீங்களே எழுதுங்கள். யாரிடமும் காட்டாமல், என்னிடமும் காட்டாமல், தேதியோடு எழுதுங்கள். எழுதிய பிறகு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டாம், புறப்பட்டு வாருங்கள். கூரையைச் சரிசெய்துவிட்டேன். யூலியானாவுக்கு எட்டாம் மாதம் நெருங்குகிறது. வந்த கையோடு சாந்தா ஃபிலோமேனாவுக்குப் போகவேண்டும் என்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் உங்களை உட்காரச் சொல்வார்களோ, வாசலிலேயே நிறுத்திவிடுவார்களோ, தெரியாது. எதுவானாலும் தனியாகப் போகாதீர்கள். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், இரண்டு பேருக்கும் பஸ் விசாரித்துவிட்டேன்.

மாதா உங்கள் கையைத் திடப்படுத்தட்டும்.

எப்போதும் உங்கள்
மார்லேனி